ஹெல்மெட்டுக்கு எஃகு, பீரங்கிக்குக் குண்டு: இரண்டையும் தந்த ராபர்ட் ஹாட்ஃபீல்ட் யார்?

மாம்பலத்திலிருந்து கிளம்பும் மின்சார ரயில் ஒரு தண்டவாளத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது ‘தடக் தடக்’ என்று ஒரு சத்தம் வரும். இரண்டு தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் அந்த இடத்தில் பொதுவாகப் பதிக்கப்படும் துண்டுக்கு ரயில்வேக்காரர்கள் வைத்திருக்கும் பெயர் சி.எம்.எஸ். கிராசிங். அதாவது, வார்ப்பு மாங்கனீஸ் எஃகு. சக்கரம் அடிக்க அடிக்க அது தேய்வதற்குப் பதிலாக இறுகிக்கொண்டே போகும்.

இதே உலோகம்தான் முதல் உலகப் போரில் லட்சக்கணக்கான சிப்பாய்களின் தலையில் உட்கார்ந்திருந்தது. இன்று கமாண்டோக்கள் போடும் பாலிஸ்டிக் ஹெல்மெட்டுக்கு முப்பாட்டன் அந்த எஃகுத் தொப்பி. அந்த உலோகத்தைக் கண்டுபிடித்தவர் ராபர்ட் அபாட் ஹாட்ஃபீல்ட். உலோகவியல் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். மற்றவர்கள் பெரும்பாலும் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அவருடைய கதையைத் தோண்டினால் அது பரங்கிப்பேட்டை வரைக்கும் வந்து நிற்கிறது என்பதுதான் ஆச்சரியம்.

கல்லூரி வேண்டாம், உலை போதும்

1858 நவம்பர் 28. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரில், ஆட்டர்கிளிஃப் பகுதியில் பிறந்தார் ஹாட்ஃபீல்ட். ஷெஃபீல்ட் என்றால் எஃகு, எஃகு என்றால் ஷெஃபீல்ட் என்றிருந்த காலம். அப்பா பெயரும் ராபர்ட்தான். அவர் ஆரம்பித்த எஃகு வார்ப்புப் பட்டறை வளர்ந்துகொண்டிருந்தது. வசதியான குடும்பம், பல்கலைக்கழகம் போயிருக்கலாம். பையன் போகவில்லை. கொஞ்ச காலம் இன்னொரு கம்பெனியில் தொழில் பழகிவிட்டு, அப்பாவின் பட்டறைக்கே வந்து ஒரு சின்ன ஆய்வுக்கூடம் வைத்துக்கொண்டார்.

அந்தக் காலத்து எஃகுக்காரர்களுக்கு ஆய்வுக்கூடம் என்பதே கொஞ்சம் வேடிக்கை. கண் பார்த்து, கை அளந்து, தீயின் நிறத்தை வைத்தே பதம் சொன்னவர்கள் அவர்கள். இவர் எல்லாவற்றையும் எடை போட்டு, நோட்டில் எழுதி வைத்தார். அந்தப் பழக்கம்தான் பிறகு கைகொடுத்தது.

எல்லோரும் நிறுத்திய இடத்தில் இவர் நிறுத்தவில்லை

1882. ஹாட்ஃபீல்டுக்கு வயது 23. டிராம் வண்டிச் சக்கரம் போன்ற, ஓயாமல் உராயும் பாகங்களுக்குத் தேயாத எஃகு வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தார். மாங்கனீஸைச் சேர்த்துப் பார்க்கலாம் என்பது அவருக்கு முன்பே பலருக்குத் தோன்றியதுதான். ஆனா ஒரு சிக்கல் இருந்தது. இரண்டரை சதவீதத்தைத் தாண்டினாலே எஃகு பொரபொரவென்று உடையத் தொடங்கும். ஐந்து, ஆறு சதவீதத்தில் சுத்தியலால் தட்டினால் நொறுங்கிவிடும். இது வேலைக்கு ஆகாது என்று எல்லோரும் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

இவர் விடவில்லை. ஏழு, எட்டு என்று ஏற்றிக்கொண்டே போனார். 12, 13 சதவீதத்தை எட்டியபோது உலோகம் குணம் மாறியது. உடையவில்லை; வளைந்தது. அரத்தால் தேய்த்தால் அரம்தான் மழுங்கியது. இன்னொரு விநோதமும் இருந்தது. சாதாரண எஃகைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் கெட்டியாகி, எளிதில் உடையும் பதத்துக்கு வரும். இந்த எஃகைச் சுமார் 1,000 டிகிரிக்குச் சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் நேர்மாறாக மென்மையாகி, இழுவைத்தன்மை கூடியது. காந்தமும் இதை இழுக்கவில்லை. இரும்பு ஆனால் காந்தத்தில் ஒட்டாத இரும்பு!

இதன் உண்மையான வித்தை அடி வாங்கும்போதுதான் தெரியும். மேற்பரப்பில் ஓங்கி ஒன்று விழுந்தால், அடிபட்ட இடம் மட்டும் இறுகும். உள்ளே இருக்கும் பகுதி மெத்தென்று அதிர்வை வாங்கிக்கொள்ளும். வெளியே கல், உள்ளே தோல் மாதிரி. 1883-ல் காப்புரிமை வாங்கினார். உலகத்தின் முதல் உலோகக் கலவை எஃகுகளில் ஒன்று என்று பாடப்புத்தகங்கள் இன்றும் சொல்வது இதைத்தான்.

1888-ல் அப்பா இறந்ததும் கம்பெனி இவர் கைக்கு வந்தது. அடுத்து சிலிக்கான் சேர்த்த எஃகில் இறங்கினார். அது டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்சாரம் வீணாவதைக் குறைத்தது. உங்கள் தெரு முனையில் ‘ம்ம்ம்’ என்று ரீங்காரமிடும் டிரான்ஸ்ஃபார்மரின் இதயமும் அந்த வம்சம்தான். 1908-ல் சர் பட்டம், 1909-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர். கல்லூரி வாசலை மிதிக்காதவருக்கு இது சாதாரண விஷயம் இல்லை.

பெரும்பாலான ஆலைகள் ஆட்களைப் பிழிந்துகொண்டிருந்த 1890-களிலேயே, தன் தொழிற்சாலையில் எட்டு மணி நேர வேலையைக் கொண்டுவந்தவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், அடுத்து வருவது அவ்வளவு இனிமையான பகுதி இல்லை.

துணித்தொப்பியோடு போன சிப்பாய்கள்

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் கப்பல் மெட்ராஸ் துறைமுகத்தை நோக்கிச் சுட்டது நமக்குத் தெரியும். ஊரே பெட்டி படுக்கையோடு கிளம்பியது. ‘எம்டன்’ என்ற சொல் நம் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. அதே மாதம்தான் இந்தியப் படைகள் பிரான்ஸில் போய் இறங்கின. அவர்கள் தலையில் இருந்தது தலைப்பாகை, இல்லையென்றால் துணித்தொப்பி. பிரிட்டிஷ் சிப்பாய்களின் கதையும் அதுதான். எந்த நாட்டுப் படையிடமும் அப்போது எஃகுத் தொப்பி கிடையாது.

பதுங்குகுழிப் போரில் இது கொடுமையாக முடிந்தது. உடல் முழுக்க மண்ணுக்குள் இருக்கும். வெளியே தெரிவது தலை மட்டும். ஷ்ராப்னல் என்ற வகைக் குண்டு தலைக்கு மேலே வெடித்து, நூற்றுக்கணக்கான ஈயக் கோலிகளை மழை மாதிரி கீழே கொட்டும். 1915-ல் பிரான்ஸின் ஜெனரல் அட்ரியன் முதலில் விழித்துக்கொண்டு, மெல்லிய எஃகில் ஒரு தலைக்கவசம் கொண்டுவந்தார்.

அதே ஆண்டு ஆகஸ்டில் லண்டனில் ஜான் லியோபோல்ட் பிராடி என்பவர் ஒரு வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டார். கவிழ்த்துப் போட்ட சூப் கிண்ணம் மாதிரி, அகல விளிம்போடு. மேலிருந்து வருவதைத் தடுக்க வேண்டும் என்பதால் அந்த விளிம்பு. ஒரே தகட்டில் ஒரே அழுத்தில் செய்துவிடலாம் என்பதால் செலவும் குறைவு. (அடையாறு ஆற்றோரம் இசைக் கல்லூரி இருக்கும் பிராடி கேசிலும், ஒரு காலத்தில் பிராடீஸ் ரோடு என்றிருந்த மயிலாப்பூரின் ராமகிருஷ்ண மடம் சாலையும் நினைவுக்கு வருகிறதா? அது ஜேம்ஸ் பிராடி, கிழக்கிந்திய கம்பெனிக்காரர், அதே அடையாற்றில் மூழ்கி இறந்தவர். இவர் வேறு அவர் வேறு.)

பிராடியின் முதல் தொப்பிகள் சாதாரண எஃகில் வந்தன. இங்கேதான் ஹாட்ஃபீல்ட் நுழைகிறார். தன் மாங்கனீஸ் எஃகில் செய்யச் சொன்னார். 1915 அக்டோபரிலேயே உலோகம் மாறியது. தகட்டின் தடிமன் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆனாலும் ஷ்ராப்னல் கோலி பட்டால் கிழியாமல் குழிந்து, வந்த வேகத்தை வாங்கிக்கொண்டது. காந்தத்தில் ஒட்டாத எஃகு என்பதால், தொப்பி போட்டவர் திசைகாட்டியைக் கண்ணருகே பிடித்தாலும் முள் குழம்பாது.

பிரச்சினைகளும் இருந்தன. இந்த எஃகை வெட்டிச் செதுக்குவது பெரும்பாடு. அதனால் விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாகவே வந்தது; பிறகு அதன்மேல் வேறொரு எஃகுப் பட்டையை மடித்து வைத்தார்கள். பெயின்ட் வெயிலில் பளபளத்து எதிரிக்கு அடையாளம் காட்டியது. அதற்கு மணலும் மரத்தூளும் கலந்து பூசினார்கள். முதலில் ஒவ்வொரு சிப்பாய்க்கும் ஒன்று என்று கொடுக்கக்கூட இல்லை. பதுங்குகுழியின் பொதுச் சொத்தாக வைத்து, முறைக்கு வருகிறவர் போட்டுக்கொள்வார். 1916 ஏப்ரலில் செயின்ட் எலோய் சண்டையில்தான் பெரிய அளவில் முதன்முறையாகப் பயன்பட்டது. அந்தக் கோடைக்குள் பத்து லட்சம் தொப்பிகள் தயாராகிவிட்டன. போர் முடியும்போது எண்ணிக்கை 75 லட்சம்.

இந்தத் தொப்பி ரைஃபிள் குண்டை நேருக்கு நேர் நிறுத்தாது. அதைச் செய்தவர்களுக்கே அது தெரியும். நிறுத்த வேண்டும் என்றால் கழுத்து தாங்காத கனத்தில் செய்ய வேண்டும்.

கணவர் குண்டு செய்தார், மனைவி ஆஸ்பத்திரி நடத்தினார்

தலையைக் காத்த மனிதர் என்ற ஒரே வரியில் இவரை அடக்கப் பலருக்கும் ஆசை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

ஹாட்ஃபீல்ட்ஸ் கம்பெனியின் பெரிய வியாபாரமே பீரங்கிக் குண்டுகள்தான். கவசம் பூண்ட போர்க்கப்பலின் பக்கவாட்டைத் துளைத்துக்கொண்டு உள்ளே போய் வெடிக்கும் வகையில் அவர்கள் பேர் பெற்றவர்கள். குண்டைத் தடுக்கும் கவச எஃகையும் அவர்களே விற்றார்கள். போர்க்காலத்தில் ஆட்களை அள்ளி அள்ளிச் சேர்த்து, தொழிலாளர் எண்ணிக்கை சுமார் 15,000 ஆனது. ஷெஃபீல்டிலேயே மிகப் பெரிய முதலாளிகளில் ஒருவர் ஹாட்ஃபீல்ட். 1917-ல், போர் உச்சத்தில் இருக்கும்போதே, அவருக்குப் பாரோனெட் பட்டமும் வந்தது.

அதே சமயம், பிரான்ஸ் கடற்கரையில் போலோன் அருகே விமரோ என்ற ஊரில் அவருடைய மனைவி பிரான்செஸ் ஒரு ராணுவ மருத்துவமனை நடத்திக்கொண்டிருந்தார். பிலடெல்பியாவில் பிறந்த அமெரிக்கப் பெண்மணி. 1894-ல் திருமணம். ஆங்கிலோ-அமெரிக்கன் ஆஸ்பத்திரி என்று அதற்குப் பெயர். குண்டுத் துகள் பாய்ந்தவர்கள் அங்கே வந்து படுத்தார்கள். ஷெஃபீல்டில் வார்த்த எஃகு எதிரியின் மேல் விழுந்தது. எதிரி வார்த்த எஃகு இங்கே கட்டிலில் வந்து சேர்ந்தது. இருவரும் மாலையில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தால் என்னவெல்லாம் பேசியிருப்பார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. தம்பதிக்குக் குழந்தைகள் இல்லை.

உருக்கும் ஊட்ஸும்: இதில் நம் பங்கு என்ன?

இப்போது கொஞ்சம் பின்னே போவோம். ஏனென்றால் மாங்கனீஸை ஷெஃபீல்டுக்குக் கொண்டுபோனதில் ஒரு மெட்ராஸ்காரர் இருக்கிறார்.

ஜோசையா மார்ஷல் ஹீத். மெட்ராஸில் கிழக்கிந்திய கம்பெனி அதிகாரி. நம் ஊர்க்காரர்கள் மண் குகையில் இரும்பை வைத்து உருக்கி எஃகு எடுப்பதைப் பார்த்து அசந்துபோனார். வேலையை விட்டுவிட்டு, 1830-ல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கினார். சேலம் பக்கத்து இரும்புத் தாதுதான் மூலப்பொருள். ஆலை தள்ளாடியது. ஆனால் கற்ற பாடத்தோடு இங்கிலாந்து போனவர், 1839-ல் எஃகு உருக்கும்போது மாங்கனீஸ் சேர்ப்பதற்குக் காப்புரிமை எடுத்தார். எஃகின் தரம் உயர்ந்தது, விலை இறங்கியது. ஷெஃபீல்ட் ஆலைகள் என்ன செய்தன தெரியுமா? அவர் சொன்ன பொருளை நேரடியாகப் போடாமல், அதன் மூலப்பொருட்களைத் தனித்தனியே குகைக்குள் போட்டு, காப்புரிமைத் தொகை கொடுக்காமல் நழுவின. கோர்ட், கேஸ் என்று அலைந்து, 1851-ல் ஹீத் இறந்தார். அவர் இறந்த பிறகும் வழக்கு இழுத்தது.

ஹீத் சேர்த்தது துளி அளவு. ஹாட்ஃபீல்ட் சேர்த்தது பத்து சதவீதத்துக்கும் மேலே. இரண்டும் ஒன்றல்ல. ஹீத்திடமிருந்து ஹாட்ஃபீல்ட் திருடினார் என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு அடித்துவிடாதீர்கள். ஆனா, ஷெஃபீல்ட் உலைகளுக்கு மாங்கனீஸ் பழக்கமானது இந்த வழியில்தான்.

இன்னொரு இழையும் இருக்கிறது. தென்னிந்தியக் குகை எஃகை ஐரோப்பியர்கள் ‘ஊட்ஸ்’ என்றார்கள். கன்னடத்தில் உக்கு, தமிழில் உருக்கு; அந்தச் சொல்தான் இப்படித் திரிந்தது என்பது ஆய்வாளர்கள் பலரும் ஏற்கும் விளக்கம். மின்சாரத்துக்காக நாம் அறிந்த மைக்கேல் ஃபாரடே, 1819-ல் இந்த ஊட்ஸை ஆராய்ந்து, அதைப் போலவே செய்யப் பார்த்து, அதிலிருந்துதான் உலோகக் கலவை எஃகுப் பரிசோதனைகளுக்குள் போனார். அவர் செய்த சின்னச் சின்ன எஃகுத் துண்டுகள் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரு பெட்டியில் கிடந்தன. எழுபது வயதைத் தாண்டிய ஹாட்ஃபீல்ட் அந்த 79 துண்டுகளையும் வாங்கி ஆராய்ந்து, 1931-ல் ஃபாரடேயின் உலோக ஆய்வுகளைப் பற்றிப் புத்தகமே போட்டார்.

அதற்கு முன்பே, 1912-ல், கொழும்பு அருங்காட்சியகத்திலிருந்து ஓர் உளி, ஓர் ஆணி, ஒரு வெட்டுக்கத்தி என்று பழைய இரும்புகளைத் தருவித்துப் பகுத்துப் பார்த்திருக்கிறார். உளி, சிகிரியாவில் கிடைத்தது. ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதே ஆண்டில் டெல்லி இரும்புத் தூணின் துணுக்கையும் சோதித்தார். இரும்பு 99.72 சதவீதம், பாஸ்பரஸ் 0.114 சதவீதம். மாங்கனீஸ்? பூஜ்யம். தன் வாழ்க்கையே மாங்கனீஸாக இருந்த ஒருவர், அது ஒரு துளிகூட இல்லாமல் பதினைந்து நூற்றாண்டுகளாகத் துருவுக்கு ஈடுகொடுத்து நிற்கும் தூணைப் பார்த்து என்ன நினைத்திருப்பார்!

எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஆதிச்சநல்லூர் இரும்புப் பொருட்களைப் பார்த்திருப்பீர்கள். சிவகளை இரும்பின் காலம் குறித்து 2025 ஜனவரியில் தமிழக அரசு வெளியிட்ட அறிக்கையும் நினைவிருக்கும். பழம்பெருமை பேசும்போது நாம் அடிக்கடி தாண்டிவிடும் ஒரு விஷயம் உண்டு. அந்தத் தொழில் பத்தொன்பதாம் நூற்றாண்டில், ஷெஃபீல்ட் எழுந்த அதே காலத்தில்தான் இங்கே அடங்கியது.

எஃகு போய் நார் வந்த கதை

ஹாட்ஃபீல்ட் எஃகின் ஆயுசு நீளம். 1941-ல் வந்த அமெரிக்காவின் எம்-1 ஹெல்மெட்டும் அதே மாங்கனீஸ் எஃகுதான். இரண்டாம் உலகப் போரில் மட்டும் இரண்டு கோடிக்கும் மேல் செய்தார்கள். வியட்நாம் படங்களில் சிகரெட் பாக்கெட்டைச் செருகி வைத்திருப்பார்களே, அதே ஹெல்மெட்.

1965-ல் டியூபாண்ட் நிறுவனத்தில் ஸ்டெஃபனி குவோலக் என்ற வேதியியலாளர் கண்டுபிடித்த நார்தான் ஆட்டத்தை மாற்றியது. அது கெவ்லார். 1980-களில் அமெரிக்க ராணுவம் எஃகை விட்டு அதற்கு மாறியது. எஃகு குழிந்து வேகத்தை வாங்கும் என்றால், கெவ்லார் அடுக்குகள் வலை மாதிரி குண்டைப் பிடித்து, வேகத்தை அக்கம்பக்கத்து நார்களுக்குப் பங்கு போட்டுவிடும். இப்போது பாலிஎத்திலீன் நாரும் சேர்ந்திருக்கிறது. ஆமாம், கடையில் தரும் கேரி பேக் இருக்கிறதே, அதே குடும்பம்.

கமாண்டோக்களுக்கான ஹெல்மெட்டில் காதுப் பக்கத்தை மேலே தூக்கி வெட்டியிருப்பதைக் கவனித்திருக்கலாம். அழகுக்காக இல்லை. உள்ளே ஹெட்செட் உட்கார வேண்டும். வெடிச்சத்தத்தைக் குறைத்து, பக்கத்தில் நிற்பவரின் முணுமுணுப்பைக் கேட்கவைக்கும் கருவி அது. நெற்றியில் இரவுப் பார்வைக் கருவி, பக்கவாட்டில் விளக்கு மாட்டத் தண்டுகள், முன்பாரத்துக்கு ஈடாகப் பின்னால் ஓர் எடை. காதோரப் பாதுகாப்பைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, கேட்கும் திறனை வாங்கிக்கொள்கிறார்கள். 26/11 தாக்குதலுக்குப் பிறகு 2009-ல் சென்னைக்கும் என்.எஸ்.ஜி. மையம் கிடைத்தது.

இந்தியாவின் சாதாரணக் காலாட்படை வீரருக்கு நல்ல ஹெல்மெட் வந்து சேர்ந்ததுதான் தாமதம். ஃபைபர் கிளாஸ் ஹெல்மெட்டும், காஷ்மீரில் நெற்றியைச் சுற்றிக் கட்டும் கனமான ‘பட்கா’வுமாகப் பல பத்தாண்டுகள் ஓடின. உச்சந்தலை திறந்தே கிடக்கும். 2017-ல்தான் கான்பூரைச் சேர்ந்த எம்.கே.யு. நிறுவனத்திடம் 1.58 லட்சம் ஹெல்மெட்டுக்கு ஆர்டர் போனது. 9 மில்லிமீட்டர் கைத்துப்பாக்கிக் குண்டைத் தாங்கும் ரகம்.

அப்படியானால் ஏ.கே. ரக ரைஃபிளை? அங்கேதான் 1915-ன் அதே சிக்கல் திரும்ப வருகிறது. இரண்டு குண்டுகளின் எடையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ரைஃபிள் குண்டின் வேகம் இரண்டு மடங்கு. வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கு மடங்கு. ஹெல்மெட் கிழியாமல் தாங்கிவிட்டாலும், உள்பக்கம் புடைத்து வந்து மண்டையில் இடிக்கும் அடியே போதும். கழுத்து தாங்கும் எடைக்குள் இதைச் சமாளிப்பதில்தான் இன்றைய ஆராய்ச்சி முழுவதும்.

கடைசி நாட்கள்

1940 ஜூனில் பிரிட்டன் கமாண்டோ படையை உருவாக்கியது. பாராசூட் படையும் அப்போதுதான் பிறந்தது. குதிக்கும்போது காற்றில் இழுபடும் என்பதால், அவர்களுக்கு பிராடியின் அகல விளிம்பு ஆகவில்லை; விளிம்பில்லாத ஹெல்மெட் தனியாகச் செய்ய வேண்டியிருந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 30-ம் தேதி, லண்டனை ஒட்டிய கிங்ஸ்டன் ஹில்லில் ஹாட்ஃபீல்ட் இறந்தார். வயது 81. ஜெர்மன் விமானங்கள் இரவெல்லாம் லண்டன்மேல் குண்டு போட்டுக்கொண்டிருந்த வாரங்கள் அவை. தெருவில் ரோந்து போன தொண்டர்களின் தலையில் இருந்தது அதே சூப் கிண்ணம். டிசம்பரில் ஷெஃபீல்டும் குண்டுவீச்சுக்கு ஆளானது.

கம்பெனி அவருக்குப் பிறகு நாற்பது ஆண்டுகள் ஓடி, 1980-களில் மூடப்பட்டது. கிழக்கு ஹெக்லா ஆலை இருந்த இடத்தில் 1990-ல் மெடோஹால் என்ற ஷாப்பிங் மால் திறந்தார்கள். உள்ளே மூன்று தொழிலாளிகள் எஃகை உருக்கி ஊற்றுவது போல ஒரு வெண்கலச் சிலை இருக்கிறது. பக்கத்திலேயே துணிக்கடைகளும் எஸ்கலேட்டரும்.